போர் முடிந்த பிறகு நிலத்துக்கு என்ன ஆகிறது?

போரைப் பற்றிப் பொதுவாகக் கேட்கும் கேள்வியில் இரண்டு பாகம் இருக்கிறது. மனிதர்கள் ஏன் திரும்பத் திரும்பப் போருக்குப் போகிறார்கள் என்பது ஒன்று. ஒரு போரின் பாதிப்பு சமூகத்தில் எத்தனை காலம் தங்கும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறோம், எதையும் அளந்து காட்ட முடியாது. இரண்டாவதைச் சதுர மீட்டரில், கிராமில், டாலரில் அளக்கலாம். அதற்கு மிதிவெடிகளையும் வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளையும் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் முதல் கேள்விக்கும் கொஞ்சம் பதில் கிடைக்கும். முந்தைய போரை மண்ணிலிருந்து தோண்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. சில எல்லைகளில் தோண்டாமல் விட்ட மிச்சமே அடுத்த சண்டைக்குக் காரணமாகிவிடுகிறது.

பழையதிலிருந்து தொடங்கலாம். 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் தாக்குதலைத் தொடங்கும் முன், பிரிட்டிஷ் படை ஒரு வாரம் விடாமல் பீரங்கியால் அடித்தது. 15 லட்சத்துக்கு மேல் குண்டுகள். அவசர அவசரமாகத் தொழிற்சாலைகளில் செய்த ஃபியூஸ்கள், அதாவது குண்டை வெடிக்க வைக்கும் பாகங்கள். மழையில் ஊறிய இளகிய மண். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை வெடிக்கவில்லை என்பது வழக்கமான மதிப்பீடு. அவை எங்கேயும் போகவில்லை. அதே போரின் இன்னொரு களமான பெல்ஜியத்தின் ஈப்ர் சுற்றுவட்டாரத்தில் இன்றும் ஒவ்வோர் உழவிலும் குண்டு மேலே வருகிறது. விவசாயி அதைத் தூக்கிச் சாலையோரத்தில் மின்கம்பத்தடியில் வைத்துவிட்டு போன் செய்வார். ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வண்டியில் வந்து எடுத்துப் போகும். வருடத்துக்கு 150 முதல் 200 டன் வரை இப்படிச் சேர்கிறது. இது ஏதோ பழக்கப்பட்ட கிராமத்துச் சடங்கு மாதிரித் தோன்றும். 2014 மார்ச்சில் ஈப்ரில் ஒரு கட்டுமான இடத்தில் அப்படி ஒரு குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கி அப்போது ஏறக்குறைய நூறு ஆண்டு.

விஷவாயுக் குண்டுகள் இன்னும் மோசம், ஏனென்றால் அவற்றை அழித்த இடமும் கெட்டுப்போகிறது. பிரான்சின் வெர்டன் அருகே ஒரு காட்டில் 1920-களில் சுமார் 2 லட்சம் ரசாயனக் குண்டுகளைத் திறந்த வெளியில் எரித்தார்கள். அந்தத் திடலில் பின்னாளில் எடுத்த மண் மாதிரிகளில் எடையில் 17 சதவீதம் வரை ஆர்செனிக் இருந்தது. அங்கே ஓரிரு தாங்கும் தாவரங்களைத் தவிர எதுவும் முளைக்கவில்லை. அதாவது "அகற்றிவிட்டோம்" என்று 1920-களில் கோப்பில் எழுதியது உண்மையில் இடம் மாற்றியதுதான்.

இரண்டாம் உலகப் போரின் மிச்சம் வேறு விதமானது. காலம் போகப் போக ஆபத்து குறையும் என்று நினைப்பவர்கள் ஜெர்மனியின் ஓரானியன்பர்க் நகரைப் பார்க்க வேண்டும். 1945 மார்ச் 15 அன்று ஒரே மதியத்தில் அமெரிக்க விமானங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் குண்டு போட்டன. பெரும்பாலானவை தாமத ஃபியூஸ் வைத்தவை. மீட்புப் பணிக்கு ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு வெடிக்க வேண்டும் என்பது திட்டம். அந்த ஃபியூஸ் வேலை செய்யும் விதம் எளிது. குண்டின் வால் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன். அதன் கீழே செல்லுலாய்டு வில்லைகள். குண்டு விழும்போது குப்பி உடையும், அசிட்டோன் சொட்டிச் சொட்டி வில்லைகளைக் கரைக்கும், அவை கரைந்ததும் அழுத்தி வைத்திருந்த ஊசி விடுபட்டு அடிக்கும். குண்டு மூக்கு கீழாக நின்றால்தான் இது நடக்கும். ஓரானியன்பர்க்கில் மேலே இளகிய மண், அதற்கடியில் கெட்டியான சரளை. மண்ணுக்குள் பாய்ந்த பல குண்டுகள் சரளையில் பட்டு வளைந்து, மூக்கு மேலாகத் திரும்பி நின்றுவிட்டன. அசிட்டோன் வில்லைகளைத் தொடவேயில்லை. அதன் ஆவி மட்டும் எண்பது ஆண்டுகளாக மெல்ல மெல்ல அரிக்கிறது. செல்லுலாய்டும் வயதாகி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. பழசாகப் பழசாக இந்தக் குண்டு வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று அகற்றுபவர்கள் சொல்வது இதனால்தான். 2010 ஜூன் 1 அன்று கோட்டிங்கன் நகரில் இதே வகை ஃபியூஸ் கொண்ட ஒரு குண்டு, செயலிழக்க வைக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோதே வெடித்து அனுபவம் மிக்க மூன்று நிபுணர்கள் இறந்தார்கள்.

லாவோஸ் கதை அளவில் பெரியது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அங்கே 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு வீசியது. அதில் கொத்துக் குண்டுகளுக்குள் இருந்த சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. டென்னிஸ் பந்து அளவு. உள்ளே நூற்றுக்கணக்கான எஃகு மணிகள். விழும்போது சுழல வேண்டும், அந்தச் சுழற்சியின் வேகத்தில்தான் ஃபியூஸ் தயாராகும். மரக்கிளையில் பட்டாலோ சேற்றில் விழுந்தாலோ கணக்குத் தப்பிவிடும். 30 சதவீதம், அதாவது சுமார் 8 கோடி, வெடிக்காமல் தங்கின. அவற்றை இன்று வெடிக்க வைப்பது பெரும்பாலும் மண்வெட்டியும் அடுப்பும். ஒரு குடும்பம் புதிய இடத்தில் விறகு மூட்டுகிறது, நாலு விரற்கடை கீழே கிடக்கும் பந்து சூடேறுகிறது. பழைய இரும்பு விலை ஏறும் ஆண்டுகளில் விபத்தும் ஏறும். வறுமையும் வெடிமருந்தும் ஒரே வயலில் கிடந்தால் எச்சரிக்கைப் பலகை மட்டும் எதையும் தடுக்காது.

இனி இலங்கையின் வடக்கு. வேலை எப்படி நடக்கிறது என்று நெருக்கத்தில் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழருக்கு இல்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த பிறகு 2009 ஜனவரி வரை பெரும்பாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் முகமாலையை ஒட்டித்தான் ராணுவம், புலிகள் இரு தரப்பின் முன்னரங்கும் (போர்முனை வரிசையும்) நின்றது. போர்நிறுத்தக் காலத்தில் ஏ9 வீதியில் வாகனங்களை இறக்கிச் சோதித்ததும் அங்கேதான். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஒரே பட்டையான நிலத்தில் ஒருவர் புதைத்ததன் மேல் மற்றவர் புதைத்தார்கள். எல்லை சற்றே நகர்ந்தபோது புது வரிசை. மழைக்குப் பிறகு இன்னொரு வரிசை. ராணுவம் அதிகம் பயன்படுத்தியது பாகிஸ்தான் தயாரிப்பான பி4 எம்.கே.1, விடுதலைப் புலிகள் அதையே பார்த்துச் செய்தது ரங்கன் 99. அதற்கு முந்தைய ஜொனி 95 ஒரு சின்ன மரப்பெட்டி. பி4-க்குள் இருப்பது சுமார் 30 கிராம் வெடிமருந்து. ஒரு காலைப் பறிக்க அது போதும். சிறுவன் ஒருவன் மிதித்தாலே அழுந்திவிடும்.

அகற்றும் வேலையில் முதல் கட்டம் தோண்டுவதல்ல, விசாரிப்பது. ஊருக்குத் திரும்பியவர்கள், அங்கே சண்டையிட்டவர்கள், மாடு மேய்ப்பவர்கள், தேன் எடுப்பவர்கள் ஆகியோரிடம் கேட்டு, ராணுவ வரைபடங்களோடு ஒப்பிட்டு, சந்தேக நிலத்தின் எல்லையைப் போடுவார்கள். இங்கே தவறினால் செலவு இரண்டு பக்கமும் ஏறும். எல்லையைப் பெரிதாகப் போட்டால் வெடியே இல்லாத காணியில் மாதக்கணக்கில் ஆட்கள் குந்தியிருப்பார்கள். உரிமையாளர் வெளியே காத்திருப்பார். சிறிதாகப் போட்டால் வேலிக்கு வெளியே விபத்து நடக்கும். ராணுவ வரைபடம் இருந்தாலும் அதில் குறித்த முதற்புள்ளியாகிய காவலரணோ பனையோ இன்று இருக்காது. முகமாலைப் பக்கம் பனைகள் ஷெல்லடியில் தலை போய் மொட்டைக் கம்பங்களாக நின்றன, பிறகு அவையும் விழுந்தன. முதற்புள்ளி இல்லாத வரைபடம் வெறும் காகிதம்.

அடுத்து ஒழுங்கைகள். ஒரு மீட்டர் அகலப் பாதை, இரு பக்கமும் நாடா, முன்னால் சிவப்பு அடித்த ஒரு தடி. தடிக்கு அப்பால் ஆபத்து, இப்பால் பாதுகாப்பு. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே பொதுவாக 25 மீட்டர் தூரம், ஒருவருக்கு விபத்து நேர்ந்தால் இன்னொருவருக்கும் அடிபடாமலிருக்க. முகத்துக்குத் தடித்த பாலிகார்பனேட் கவசம், மார்புக்கும் தொடைக்கும் கனத்த அங்கி. வன்னி வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு தொடர்ந்து வேலை செய்ய முடியாது; முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு. விபத்துகளை ஆராய்ந்தால் கருவியின் கோளாறைவிடக் களைப்பும் கவனச்சிதறலும் முகக்கவசத்தை வியர்வைக்காகத் தூக்கிவிட்டதும்தான் அதிகம் தென்படும். ஆகவே மேற்பார்வையாளரின் முக்கிய வேலையே கவசம் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது.

மெட்டல் டிடெக்டர் ஒவ்வொரு முறை வேலை தொடங்கும்போதும் ஒரு சோதனைத் துண்டின் மேல் பிடித்துப் பார்க்கப்படும். பிறகு அரை அடி அரை அடியாகத் துழாவல். சத்தம் வந்தால் அந்தப் புள்ளிக்கு ஒரு சாண் பின்னாலிருந்து பள்ளம் தொடங்கி, பக்கவாட்டில் நெருங்குவார்கள். மேலிருந்து குத்தவே கூடாது. அழுத்தத் தட்டு மேலே பார்த்திருக்கிறது, பக்கத்தில் தொட்டால் அழுந்தாது. ஊசிக்கோலை ஏறக்குறைய 30 பாகை சாய்த்துச் செருகுவதும் இதற்காகத்தான்.

சிக்கல் என்னவென்றால் போர்முனையில் உலோகம் எங்கும் கிடக்கிறது. ஒரு ஷெல் வெடித்தால் ஆயிரக்கணக்கான துண்டு. தோட்டாக் கோதுகள், முட்கம்பித் துணுக்கு, மீன் டின். பி4, ரங்கன் வகைகளில் உலோகமோ மிகக் குறைவு. டிடெக்டரை அந்தச் சிறு சத்தத்துக்கு ஏற்பக் கூர்மையாக்கினால் ஒவ்வொரு துணுக்கும் கத்தும். நூற்றுக்கணக்கான இரும்புத் துணுக்குக்கு ஒரு மிதிவெடி. மந்தமாக்கினால் மிதிவெடியே தப்பிவிடும். வடக்கின் மணல் கலந்த மண்ணுக்கு இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள்: இரும்பு வாரி. நீண்ட பிடி வைத்த கனமான வாரி ஒன்று, மெல்லிய பற்கள் கொண்ட இலேசான வாரி ஒன்று. குறித்த ஆழம் வரை மண் முழுவதையும் முன்பக்கச் சரிவிலிருந்து தன்னை நோக்கி வாரி இழுத்துக்கொண்டே போவது. உலோகம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது, அத்தனை மண்ணும் கண்ணில் படும். மிதிவெடி பக்கவாட்டில் வெளிப்படும். காய்ந்து இறுகிய மண்ணில் இது ஆபத்து. வாரி வழுக்கி அழுத்தம் கூடும். அதனால் முதல் நாளே தண்ணீர் விட்டு ஊற வைப்பார்கள். தண்ணீர் பவுசர் வண்டி வராத நாளில் வேலை நின்றுவிடும் என்பது வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாத தடை.

தோண்டும் ஆழத்துக்குப் பல நாடுகளில் வழக்கமான அளவு 13 சென்டிமீட்டர். சமதரையில் புதைத்ததற்கு அது போதும். ஆனால் முன்னரங்கில் புல்டோசர் விட்டு மண்ணரண் எழுப்பியிருந்தால், பழைய வரிசை மிதிவெடிகள் ஒரு மீட்டர் மண்ணுக்கடியில் தலைகீழாகவும் சாய்வாகவும் கிடக்கும். அழுத்தத் தட்டு எந்தப் பக்கம் என்று தெரியாது. பக்கவாட்டில் நெருங்கு என்ற விதி அங்கே பயன்படாது. இப்படிப்பட்ட மண்ணரண்களைக் கவசம் பூட்டிய இயந்திரங்களால் உடைத்து, சல்லடையில் சலித்து, தட்டையாகப் பரப்பித் தேட வேண்டியிருக்கிறது. பனை வேர், கறையான் புற்று, வெள்ளம் அடித்துவந்த வண்டல் எல்லாமே ஆழக் கணக்கைக் கெடுக்கும். இலேசான பிளாஸ்டிக் மிதிவெடிகள் வெள்ளத்தில் மிதந்து இடம் மாறுவதைத் தென்கொரியா ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பார்க்கிறது.

வேகம் எவ்வளவு? கையால் செய்யும்போது ஒருவர் ஒரு நாளில் 10 முதல் 20 சதுர மீட்டர் முடித்தால் நல்ல வேலை. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆளுக்கு 15 சதுர மீட்டர் வீதம் பத்துப் பேர் வேலை செய்தால் ஓர் ஏக்கருக்கு 27 வேலை நாள். விடுமுறை, மழை சேர்த்தால் ஒரு மாதத்துக்கு மேல். ஒரு சதுர கிலோமீட்டரை அதே பத்துப் பேரிடம் கொடுத்தால் 6,600-க்கு மேல் வேலை நாள், அதாவது ஏறத்தாழ 26 வருடம். புதைக்கும் வேகத்தை இதோடு வைத்துப் பாருங்கள். பயிற்சி பெற்ற சில சிப்பாய்கள் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் புதைத்துவிடுவார்கள். செலவும் இப்படித்தான்: ஒரு மிதிவெடி செய்ய 3 டாலரிலிருந்து ஆகும், ஒன்றை அகற்ற 300 முதல் 1,000 டாலர் என்பது ஐ.நா. பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் மதிப்பு. போடுவது ராணுவ பட்ஜெட்டில் வரும், எடுப்பது வெளிநாட்டு நன்கொடையில். போடுபவர் எடுக்கும் செலவைச் சுமப்பதில்லை என்ற இந்த ஏற்பாடுதான், என் பார்வையில், மனித இயல்பு பற்றிய எந்தத் தத்துவத்தையும் விட அதிகம் விளக்குகிறது.

வன்னியில் இந்த வேலையில் பெண்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள். போரில் கணவனை இழந்தவர்கள், குடும்பத்தை ஒற்றையாகச் சுமப்பவர்கள். மாதச் சம்பளம் உள்ள வேலை அந்தப் பகுதியில் அரிது. இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1-க்குள் நிலத்தைச் சுத்தமாக்க வேண்டும். வேலை முடிந்தால் சம்பளமும் முடிந்துவிடும். ஊரின் பாதுகாப்பும் வீட்டின் வருமானமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இந்த நிலையைப் பற்றி நன்கொடை நாடுகளின் அறிக்கைகளில் அதிகம் எழுதப்படுவதில்லை.

இனி உடம்பு. மிதிவெடிக் காயத்தைச் சாதாரண வெட்டுக் காயம் மாதிரி நினைக்கக் கூடாது. வெடிப்பு மண்ணையும் செருப்புத் துண்டையும் பாத எலும்பின் சில்லுகளையும் தசைகளுக்கு இடையிலான இடைவெளிகள் வழியே மேல்நோக்கிச் செலுத்தும். பார்க்கும்போது கணுக்கால் மட்டும்தான் போனது போலிருக்கும். உள்ளே முழங்கால் வரை அழுக்கு ஏறியிருக்கும். அனுபவமில்லாத மருத்துவர் அன்றைக்கே தைத்து மூடினால் உள்ளே அழுகி இன்னும் உயரமாக வெட்ட வேண்டிவரும். போர் அறுவை மருத்துவத்தின் விதி: அழுகியதையெல்லாம் நீக்கி, காயத்தைத் திறந்தே விட்டு, சுமார் ஐந்து நாள் கழித்து மூடு. குழந்தையாக இருந்தால் தொல்லை அத்தோடு முடியாது. வெட்டிய எலும்பு தோலைவிட வேகமாக வளரும், நுனி தோலைக் குத்திக்கொண்டு வரும், மறுபடி அறுவை. செயற்கைக் காலும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை மாற்ற வேண்டும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பத்து வயதில் காலை இழந்த ஒருவருக்கு வாழ்நாளில் இருபதுக்கும் மேல் கால்கள் வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்குக் கிடைத்த நல்ல விடை ஜெய்ப்பூர் கால். 1960-களின் கடைசியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது. மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் ஷூவுக்குள் இருக்கவே செய்யப்பட்டது. சேற்று வயலில் இறங்கவோ தரையில் சப்பணமிடவோ குந்தவோ உதவாது. ரப்பரும் மரமும் சேர்ந்த ஜெய்ப்பூர் பாதம் வெறுங்காலோடு நடக்கவும் குந்தவும் விடும். யாழ்ப்பாணத்தில் 1980-களிலிருந்தே இதற்கென ஒரு ஜெய்ப்பூர் நிலையம் இயங்குகிறது. கால் கிடைத்தாலும் அது உரசாமல் பொருந்தப் பட்டறைக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். பேருந்துக் காசும் ஒரு நாள் கூலியும் போகும். பலர் உரசும் காலை மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்புவதன் காரணம் பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவு.

சந்தேக நிலத்தில் ஒருவர் அறியாமல் நுழைந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கூடவந்தவர்களையும் அசையாமல் நிற்கச் சொல்லிச் சத்தமிட்டு உதவி கேட்க வேண்டும். வந்த கால்தடம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தால் மட்டும், உதவி வர வழியே இல்லையென்றால் மட்டும், அதே தடத்தில் பின்வாங்கலாம். அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்க ஓடுவதுதான் இரண்டாவது உயிர் போகும் வழி. மிதிவெடிகளைத் தனியாக ஒன்று மட்டும் புதைப்பது அரிது. அடிபட்டவர் நினைவோடு இருந்தால் காயத்துக்கு மேலே துணியால் இறுகக் கட்டிக்கொள்ளச் சொல்லலாம். காணியைத் துப்புரவாக்கும்போது குப்பையைத் தரையில் எரிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

எந்த நிலத்தை முதலில் சுத்தம் செய்வது என்பது தனிச் சிக்கல். மொசாம்பிக் உள்நாட்டுப் போர் 1992-இல் முடிந்தது. நாடு மிதிவெடியற்றது என்று 2015-இல் அறிவித்தது. 23 ஆண்டுகள், அதுவும் வெற்றிக் கதையாகச் சொல்லப்படுவது. அங்கே நடந்ததைப் பின்னர் ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டது: ரயில் பாதைகள், சாலைகள், சந்தை ஊர்களைத் திறந்தபோது அதன் பலன் வெடியே இல்லாத தூரத்து ஊர்களுக்கும் போனது, ஒதுக்குப்புறத்தைத் திறந்தபோது பலன் அங்கேயே நின்றது. ஆனால் விபத்து அதிகம் நடப்பது ஒதுக்குப்புறத்தில். உயிரைப் பார்த்து வரிசை போடுவதா வருமானத்தைப் பார்த்தா என்று ஒவ்வொரு நாடும் முட்டிக்கொள்கிறது. நான் உயிர்ப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் சாலை திறக்காததால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக முடியாமல் போன உயிர்களை யாரும் மிதிவெடிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது, ஒரு போர் முடிவதற்குள் அடுத்தது வரும் சுழற்சிக்கு வருகிறேன். 1945 மே மாதத்துக்குப் பிறகு டென்மார்க் தன் மேற்குக் கடற்கரையில் ஜெர்மானியர் புதைத்த சுமார் 14 லட்சம் வெடிகளை எடுக்க ஜெர்மன் போர்க் கைதிகளையே அனுப்பியது. சில மாதங்களில் வேலை பெரும்பாலும் முடிந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தும் காயப்பட்டும் போனார்கள். 1949-இன் ஜெனிவா உடன்படிக்கை, கைதியின் விருப்பமில்லாமல் அவரை இத்தகைய வேலைக்கு விடக்கூடாது, வெடி அகற்றுவது ஆபத்தான வேலையாகக் கருதப்படும் என்று வெளிப்படையாக எழுதியது. அத்தனை வேகமாக எடுத்தும் ஸ்காலிங்கன் தீபகற்பத்தின் கடைசித் துண்டு 2012-இல்தான் சுத்தமானது.

1997-இல் ஒட்டாவா ஒப்பந்தம் கையெழுத்தாகி 1999 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மிதிவெடியைப் பயன்படுத்துவது, செய்வது, சேர்த்து வைப்பது எல்லாம் தடை. 160-க்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் சேரவில்லை. சேராததன் பலனை நாமும் பார்த்தோம். 2001 டிசம்பரில் டெல்லி நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் எல்லை நெடுக இந்திய ராணுவம் லட்சக்கணக்கில் மிதிவெடி புதைத்தது. போர் நடக்கவேயில்லை. பஞ்சாப், ராஜஸ்தான், ஜம்மு விவசாயிகளின் வயல்கள் மட்டும் முடங்கின. திரும்ப எடுக்கும்போது சிப்பாய்களும், பிறகு உழவர்களும் அடிபட்டார்கள்.

2025-இல் லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, போலந்து, பின்லாந்து ஐந்தும் ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. ரஷ்யாவை ஒட்டிய எல்லை, உக்ரைனில் நடப்பதைக் கண்ணெதிரே பார்க்கும் பயம். அந்தப் பயம் போலியல்ல. பின்லாந்து 2012-இல்தான் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. தன்னிடமிருந்த 10 லட்சத்துக்கு மேற்பட்ட மிதிவெடிகளை அழித்தும் முடித்திருந்தது. இந்த விலகல்களுக்கு முன்பும் நிலைமை நன்றாக இல்லை: 2023 ஒரே ஆண்டில் மிதிவெடிகளாலும் போர் மிச்சங்களாலும் உலகில் 5,757 பேர் இறந்தோ காயமுற்றோ பதிவாகியிருக்கிறது. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பொதுமக்கள். மியான்மரில்தான் அதிகம்.

அதே 2025 ஜூலையில் தாய்லாந்து-கம்போடிய எல்லையில் ரோந்து போன தாய்லாந்துச் சிப்பாய்கள் மிதிவெடியில் கால் இழந்தார்கள். அந்த எல்லைக் காட்டில் 1980-களின் போரில் புதைத்த பெரும் வெடிப்பட்டை இன்னும் முழுதாக அகற்றப்படாமல் கிடக்கிறது. இவை புதிதாகப் புதைத்தவை என்றது தாய்லாந்து. பழைய போரின் மிச்சம் என்றது கம்போடியா. சில நாட்களில் பீரங்கியும் போர் விமானமும் இறங்கின, லட்சக்கணக்கானோர் வீட்டைவிட்டு ஓடினார்கள். சண்டைக்குக் கோயில் உரிமை, உள்நாட்டு அரசியல் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எல்லை முழுதும் சுத்தமாகியிருந்தால், புதிதா பழசா என்ற அந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது. அகற்றாத வெடி அடுத்தவரைக் குற்றம் சாட்ட எப்போதும் தயாராக இருக்கிறது. தான் புதிதாகப் புதைத்ததை மறைக்கவும் அதே பழைய வெடி உதவுகிறது.

புதிய தலைமுறை வெடிகள் தாமாகவே செயலிழந்துவிடும், அதனால் பழைய கதை திரும்பாது என்று இப்போது வாதிடுகிறார்கள். பேட்டரி தீர்ந்ததும் வேலை செய்யாது, குறித்த நாளில் தானே வெடித்துவிடும் என்கிறார்கள். போர் நடக்கும் காலத்துக்கு இதில் நன்மை இருக்கலாம். அகற்றுபவருக்கு இதனால் எதுவும் மாறாது. நூற்றில் ஒன்று செயலிழக்கத் தவறினாலும் எது அந்த ஒன்று என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பேட்டரி தீர்ந்த வெடிக்குள்ளும் வெடிமருந்து அப்படியே இருக்கிறது, நெருப்புக்கும் மண்வெட்டிக்கும் அது பதில் சொல்லும். ஆகவே தடி, நாடா, டிடெக்டர், முக்கால் மணிக்கொரு ஓய்வு எல்லாம் முன்போலவே வேண்டும். எத்தனை வெடி உயிரோடு இருக்கிறது என்பதை வைத்து யாருக்கும் வேலை குறைவதில்லை. எத்தனை சதுர மீட்டரில் ஒன்று இருக்கக்கூடும் என்பதை வைத்துத்தான் நாட்கள் எண்ணப்படும், ஆளுக்கு 15 சதுர மீட்டர் வீதம்.